சீவரம் யாருக்கு? பணிவிடையின் அறமும் தாதியர் சங்கங்களும்

இலங்கை அரச வைத்தியசாலைத் தாதியரின் பெரிய தொழிற்சங்கங்களில் ஒன்று அரச சேவைகள் ஐக்கிய தாதியர் சங்கம். அதற்குப் பல்லாண்டுகளாகத் தலைமை தாங்கி வந்தவர் ஒரு பௌத்த பிக்கு, முருத்தெட்டுவே ஆனந்த தேரர். அவருடைய விகாரையான அபயராமய கொழும்பின் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. சம்பள முரண்பாடு, மேலதிக நேரக் கொடுப்பனவு, பதவியுயர்வு ஆகியவை பற்றிய தாதியரின் கோரிக்கைகள் பல தடவை அந்த விகாரையிலிருந்தே நாட்டுக்கு அறிவிக்கப்பட்டன. உணவையும் உடையையும் தானமாக ஏற்று வாழ வேண்டிய ஒருவர், சம்பளத்தில் வாழ்வோருக்காகச் சம்பளம் கேட்டார்.

வெளிநாட்டவருக்கு வினோதமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டை இலங்கையில் பெரும்பாலோர் இயல்பாகவே எடுத்துக்கொண்டனர். ஆனால் அதற்குள் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. நோயாளிக்குப் பணிவிடை செய்வது புண்ணியம் என்று எல்லாச் சமயங்களும் சொல்கின்றன. புண்ணியத்துக்கு விலை கேட்கலாமா? கேட்பவர்கள் ஒன்றுகூடி, சங்கம் அமைத்து, அரசின் சுகாதாரக் கொள்கையையே மாற்ற முற்பட்டால் அது பணிவிடையின் ஒரு பகுதியா, பணிவிடையைக் கைவிடுவதா? தாதியர் வீதிக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி எழுகிறது. பெரும்பாலும் தாதியரின் வாயை அடைப்பதற்காகவே அது எழுப்பப்படுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பௌத்த மரபு இதற்குத் தரும் விடை, பலர் எண்ணுவதைவிட நுட்பமானது. பிக்குகளின் ஒழுக்க நூலான விநய பிடகத்தின் மகாவக்கத்தில், அவர்களுடைய உடையான சீவரங்கள் பற்றிய பகுதியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வயிற்றுக்கடுப்பால் பீடிக்கப்பட்ட பிக்கு ஒருவர் தம் மலசலத்திலேயே கிடக்கிறார். புத்தர் தம் சீடர் ஆனந்தருடன் குடில்களைச் சுற்றி வரும்போது அவரைக் காண்கிறார். ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை என்று கேட்டதற்கு, தாம் மற்றவர்களுக்கு எதுவும் செய்ததில்லை என்பதால் அவர்களும் தமக்குச் செய்யவில்லை என்று நோயாளி சொல்கிறார். ஆனந்தர் தண்ணீர் கொண்டுவருகிறார். புத்தர் வார்க்க, ஆனந்தர் கழுவுகிறார். ஒருவர் தலைப்பக்கமும் மற்றவர் கால்பக்கமுமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு புத்தர் பிக்கு சங்கத்தைக் கூட்டி, தாயும் தந்தையும் அருகில் இல்லாத நீங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார் என்று கேட்கிறார். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புபவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்றும் சொல்கிறார்.

இந்தக் கதை வைத்தியசாலைச் சுவர்களிலும் தாதியர் தின உரைகளிலும் நன்கு பழகியது. அதன் தொடர்ச்சி அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. புத்தர் அங்கே இரக்கத்தைப் போதித்துவிட்டு நகர்ந்துவிடவில்லை, விதியும் செய்கிறார். நோயுற்ற பிக்குவை அவருடைய ஆசிரியர் கவனிக்க வேண்டும். ஆசிரியர் இல்லாவிட்டால் மாணவர், அவரும் இல்லாவிட்டால் உடன் வாழ்வோர், யாருமே இல்லாவிட்டால் சங்கம் முழுவதும் கவனிக்க வேண்டும். தவறினால் குற்றம். தனி மனிதரின் நல்லெண்ணத்தை நம்பியிருந்த ஒரு காரியம் அந்த இடத்தில் அமைப்பின் பொறுப்பாக மாறுகிறது. இன்றைய மொழியில் சொன்னால், அது ஒரு சுகாதாரக் கொள்கை.

அடுத்து நல்ல பணிவிடையாளருக்குரிய ஐந்து தகுதிகள் வருகின்றன. மருந்தை ஆயத்தம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்து, ஆகாததை அகற்றி ஆவதைக் கொடுக்க வேண்டும். பொருள் நோக்கத்தோடு அல்லாமல் அன்பு நெஞ்சத்தோடு கவனிக்க வேண்டும். மலம், சிறுநீர், எச்சில், வாந்தி ஆகியவற்றை அகற்ற அருவருக்கக் கூடாது. நோயாளியின் மனம் தெளியும்படி வேண்டிய வேளையில் தர்மம் பேச வேண்டும். மூன்றாவது தகுதியைத்தான் தாதியர் கோரிக்கை வைக்கும்போதெல்லாம் எதிரே தூக்கிக் காட்டுகிறார்கள்.

ஆனால் அதே பகுதியில், அதற்கு அடுத்தே, இன்னொரு விதி இருக்கிறது. ஒரு பிக்கு இறந்தால் அவருடைய பாத்திரமும் சீவரமும் சங்கத்துக்கு உரியவை. ஆயினும் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும் உதவி செய்தவர்கள். ஆகவே அவற்றைச் சங்கமே அவர்களுக்கு வழங்கலாம் என்று புத்தர் அனுமதிக்கிறார். அதற்கென முறையான அறிவிப்பும் தீர்மானமும் கூட வகுக்கப்பட்டிருக்கின்றன. பொருள் நோக்கம் கூடாது என்று சொன்ன நூல், ஓரிரு பக்கங்கள் தள்ளிப் பணிவிடையாளருக்குப் பொருள் கொடுக்க வழி செய்கிறது. இரண்டும் முரணாகத் தோன்றினாலும் முரண் இல்லை. ஒரு கட்டளை பணிவிடை செய்பவரை நோக்கியது, மற்றது அவரால் பயனடையும் சமூகத்தை நோக்கியது. செய்பவர் சீவரத்தில் கண் வைத்துச் செய்யக் கூடாது, சமூகமோ சீவரத்தைக் கொடுக்க மறக்கக் கூடாது. தாதியர் பற்றிய பொது விவாதத்தில் நடக்கும் அநியாயம், முதற் கட்டளையைக் காட்டி இரண்டாவதைத் தட்டிக் கழிப்பதுதான்.

கொழும்பின் தாதிய வரலாறே இந்தத் தட்டிக் கழிப்புக்குச் சான்று. 1886இல் மரியாளின் பிரான்சிஸ்கன் மிஷனரிச் சகோதரிகள் கொழும்புக்கு வந்து பொது வைத்தியசாலையில் பணியேற்றார்கள். கன்னியாஸ்திரிகளின் சேவை ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு நீடித்து, 1960களில் அரசின் தீர்மானத்தால் முடிவுக்கு வந்தது. மதச் சகோதரி ஒருவர் தமக்கென ஊதியம் எண்ணாமல் உழைக்க முடிந்ததற்குக் காரணம், அவருக்குப் பின்னால் ஒரு மடம் இருந்தது. உணவு, உறையுள், நோய்க்காலக் கவனிப்பு, முதுமைக்கால ஆதரவு எல்லாவற்றையும் மடம் பார்த்துக்கொண்டது. பிக்குவுக்குப் பின்னால் பக்தர்களின் தாயக சபையும் பிண்டபாதம் என்ற உணவுத் தானமும் இருப்பதைப் போன்றதே இது. பற்றற்ற பணிவிடை என்ற இலட்சியம் எங்கெல்லாம் மலர்ந்ததோ அங்கெல்லாம் பணிவிடையாளரின் சோற்றுக்கு வேறு யாரோ பொறுப்பேற்றிருந்தார்கள்.

சகோதரிகளின் இடத்துக்கு இல்லறப் பெண்கள் வந்தார்கள். வெண்ணிற உடை தொடர்ந்தது. விளக்கேந்தி உறுதிமொழி எடுக்கும் சடங்கும், பணிவும் தியாகமும் பற்றிய பேச்சும் தொடர்ந்தன. மடம் மட்டும் தொடரவில்லை. வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, இரவுக் கடமை முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பும் பஸ் கட்டணம் எல்லாம் தாதியின் தலையில் விழுந்தன. தொண்டு என்ற மொழி அப்படியே இருக்க, அந்தத் தொண்டைத் தாங்கிய ஏற்பாடு மறைந்துவிட்ட இடத்தில்தான் தாதியர் சங்கங்கள் பிறக்கின்றன. அவை கேட்பது, மடம் செய்த வேலையை இப்போது யார் செய்வது என்பதையே.

மேற்கிலும் இதே இழுபறி நடந்தது. எதெல் பெட்போர்ட் ஃபென்விக் 1887இல் பிரித்தானியத் தாதியர் சங்கத்தை நிறுவி, பயிற்சி பெற்ற தாதியரைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்று போராடினார். அதை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் ஃபுளோரன்ஸ் நைற்றிங்கேல். தாதிமை என்பது ஓர் அழைப்பு, அதன் சாரமான குணநலனைப் பரீட்சையும் பதிவேடும் அளக்க முடியாது என்பது அவர் வாதம். ஃபென்விக்கோ, பயிற்சியற்றவரிடமிருந்து நோயாளியைக் காப்பதற்கே பதிவு வேண்டும் என்றார். 1899இல் அவருடைய முயற்சியால் சர்வதேசத் தாதியர் பேரவை தோன்றியது. 1901இல் நியூசிலாந்தும் 1919இல் பிரித்தானியாவும் பதிவுச் சட்டம் இயற்றின. நைற்றிங்கேலின் வாதம் அற்பமானதன்று. அன்பைச் சான்றிதழால் உறுதி செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் மகாவக்கத்தின் ஐந்து தகுதிகளில் முதல் இரண்டும் அறிவு பற்றியவை, அன்பு மூன்றாவதாகவே வருகிறது. மருந்து தெரியாத அன்பு நோயாளிக்கு ஆபத்து.

நைற்றிங்கேலின் பெயரால் வழங்கும் உறுதிமொழி அவர் எழுதியதன்று என்பதையும் இங்கே குறிப்பிடலாம். அது 1893இல் அமெரிக்காவின் டிட்ரொயிட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் எழுதப்பட்டது. வைத்தியருக்கு விசுவாசமாகத் துணைநிற்பதை அதன் மூல வடிவம் வலியுறுத்தியது. கொள்கை வகுப்பதில் தாதியின் குரல் நெடுங்காலம் கேட்காமல் போனதற்கு அந்த விசுவாசம் கீழ்ப்படிதலாக விளங்கிக்கொள்ளப்பட்டதும் ஒரு காரணம்.

சைவ மரபு இந்தச் சிக்கலை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்க உதவுகிறது. பெரிய புராணம் பாடும் அடியார்களில் பலர் தொழில் செய்து பிழைத்தவர்கள். திருநீலகண்டர் குயவர். திருக்குறிப்புத்தொண்டர் வண்ணார். அதிபத்தர் மீனவர். நேசர் நெசவாளர். இவர்கள் தங்கள் தொழிலை விட்டுவிட்டுத் தொண்டுக்குப் போகவில்லை. தொழிலில் வாழ்ந்து, அந்தத் தொழிலின் பொருளாலேயே தொண்டும் செய்தார்கள். நெசவாளர் அடியார்களுக்கு உடை கொடுத்தார், குயவர் ஓடு கொடுத்தார். பிழைப்பு வேறு, தொண்டு வேறு என்றோ, பிழைப்பு தொண்டைக் கறைப்படுத்தும் என்றோ அந்தக் கதைகள் நினைக்கவே இல்லை. ஆயினும் தாதியின் நிலை அவர்களிலிருந்து ஓரிடத்தில் வேறுபடுகிறது. நெசவாளர் விற்ற துணி ஒன்று, கொடுத்த துணி இன்னொன்று. தாதிக்கோ சம்பளத்துக்குச் செய்யும் செயலும் தொண்டாகச் செய்யும் செயலும் ஒரே செயல். படுக்கைப்புண்ணைக் கழுவும் அந்தக் கையில் எது கடமை, எது கருணை என்று கோடு கிழிக்க முடியாது. வேலைநிறுத்தம் என்று வரும்போது சிக்கல் கூர்மையாவது இதனால்தான்.

அதற்கு முன், சங்கங்கள் கொள்கையை எப்படி அசைக்கின்றன என்று பார்க்க வேண்டும். இலங்கையில் தாதியரின் பதிவு நெடுங்காலம் 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வைத்தியரை மையமாகக் கொண்ட ஓர் அமைப்பிலேயே இருந்தது. தாதியருக்கெனத் தனிப் பேரவை 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலங்கைத் தாதியர் பேரவைச் சட்டத்தால்தான் உருவாக்கப்பட்டது. 1994இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தாதியியலில் பட்டப்படிப்பைத் தொடங்கியது. மூன்றாண்டு டிப்ளோமாவை முற்றாகப் பட்டமாக உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை அதன் பின்னரும் தாதியர் சங்கங்களின் பட்டியலில் நீடித்தது. பதிவு, பாடத்திட்டம், தொழில் எல்லை ஆகியவற்றைப் பேசும் தொழில்சார் சங்கமும், சம்பளம் பேசும் தொழிற்சங்கமும் கொள்கை அளவில் வெவ்வேறானவை. நடைமுறையில் இலங்கை அமைச்சர்கள் செவிமடுப்பது பெரும்பாலும் இரண்டாவதற்கே. கதவைத் தட்டும் பலம் அதனிடம்தான் இருக்கிறது.

இந்தச் சாய்வுக்கு ஒரு விலை உண்டு. அரச வைத்தியசாலையின் ஒரு பொது வோட்டை எடுத்துக்கொள்ளலாம். கட்டில்கள் நிறைந்து, மிஞ்சியவர்கள் கட்டில்களுக்கிடையே பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். இரவு மருந்து வண்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதற் கட்டிலில் சேலைன் முடிந்திருக்கும். "மிஸ்" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கூப்பிடும். எந்தக் குரலுக்கு முதலில் போவது என்பதை அந்தத் தாதி ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டும். நோயாளியின் பி.எச்.ரி. என்ற கட்டில்தலை அட்டையில் எழுதப்படாத தகவல்கள் பல அவளுக்குத் தெரியும். யாருக்கு மூச்சு நேற்றைவிட இன்று கூடுதலாக இளைக்கிறது, யார் மாத்திரையை விழுங்காமல் தலையணைக்குக் கீழே வைக்கிறார், யாரைப் பார்க்க வீட்டிலிருந்து ஒருவரும் வருவதில்லை என்பதெல்லாம். சுகாதார அமைச்சின் கோப்புகளில் இல்லாத அறிவு இது. கொள்கை மேசையில் தாதியர் சங்கத்துக்கு இடம் வேண்டும் என்பதற்கு மிக வலிமையான நியாயமும் இதுவே. எண்ணிக்கை பலம் எந்தத் தொழிலாளருக்கும் இருக்கும். இந்த அறிவு தாதியருக்கு மட்டுமே இருக்கிறது.

அந்த அறிவு ஆய்வாக மாறும்போது என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. லிண்டா எய்க்கனும் உடனாய்வாளர்களும் பென்சில்வேனியாவின் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2002இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, சத்திரசிகிச்சை நோயாளர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்பதே அது. கலிஃபோர்னியாத் தாதியர் சங்கம் அதற்கு முன்பே பல்லாண்டுகள் போராடி, தாதி–நோயாளி விகிதத்துக்கு வரம்பு விதிக்கும் சட்டத்தை 1999இல் பெற்றுவிட்டது. 2004இல் அது நடைமுறைக்கு வந்தது. மேலதிக நேரக் கொடுப்பனவை உயர்த்தச் சொல்வதும் நியாயமே. ஆனால் மேலதிக நேரமே தேவைப்படாத அளவுக்கு ஆட்களைச் சேர் என்று சொல்வது வேறு வகைக் கோரிக்கை. அதன் முதற் பயன் நோயாளிக்கு.

தெற்காசியச் சங்கங்கள் சம்பளத்தை முன்வைப்பதைக் குறை சொல்வதற்கு முன் அந்தச் சம்பளத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015இல் எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியருக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககத்தின் டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு அமர்ந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது. தொகுப்பூதியம் பின்னர் உயர்த்தப்பட்டது. கேரளத்தில் 2011இல் உருவான ஐக்கிய செவிலியர் சங்கம் தனியார் மருத்துவமனைகளை எதிர்த்து நடத்திய போராட்டங்கள் உச்ச நீதிமன்றம் வரை எட்டின. 2018இல் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்சச் சம்பளமாக 20,000 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. சீவரம் தானாகக் கொடுக்கப்படவில்லை, கேட்ட பிறகுதான் கிடைத்தது.

இங்கே சங்கம் என்ற வடிவத்துக்கே ஓர் அறப் பொருள் கிடைக்கிறது. தனியொரு தாதி தன் நோயாளியிடமோ அவர் உறவினரிடமோ கைநீட்டினால் அது ஊழல். கட்டிலோரத்தில் பணம் புகுந்த கணமே அன்பு நெஞ்சம் என்ற மூன்றாவது தகுதி அடிபடுகிறது. அதே தேவையை எல்லோருக்குமாக ஓர் அமைப்பு, நோயாளியைத் தாண்டி, கொடுக்கக் கடமைப்பட்ட சமூகத்திடமும் அரசிடமும் கேட்டால் கட்டிலோரம் தூய்மையாகவே இருக்கிறது. அமெரிக்க மெய்யியலாளர் ஈவா ஃபெடர் கிட்டே 1999இல் வெளியான தம் நூலில் இதற்கு நெருங்கிய ஒரு வாதத்தை வைத்தார். பிறரைச் சார்ந்தே வாழ வேண்டியவரைப் பராமரிப்பவர், அந்தப் பராமரிப்பினாலேயே தாமும் சார்ந்திருப்பவர் ஆகிறார். ஆகவே அவரைத் தாங்குவது சமூகத்தின் நீதிக் கடன் என்பது அவர் கருத்து. 2,500 ஆண்டுகளுக்கு முந்தைய சீவர விதியோடு வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே இடத்தையே சுட்டுகின்றன.

இனி வேலைநிறுத்தம். 2022 பெப்ரவரியில் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் கூட்டாகப் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கின. சட்டமா அதிபரின் வழக்கில் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அரச தாதிய உத்தியோகத்தர் சங்கத்துக்கும் அதன் தலைவர் சமன் ரத்னபிரியவுக்கும் எதிராகத் தடையுத்தரவு பிறப்பித்தது. சுகாதார சேவை அத்தியாவசிய சேவையாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம் அதற்கு வழி தருகிறது. 2024 ஜனவரியில் வைத்தியர்களுக்கு இடையூறு, கிடைக்கும்தன்மை, போக்குவரத்து ஆகியவற்றுக்காக வழங்கப்படும் டாட் கொடுப்பனவு 35,000 ரூபாயிலிருந்து 70,000 ஆக உயர்த்தப்பட்டபோது, தங்களுக்கும் அதே நீதி வேண்டும் என்று எழுபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் பெப்ரவரி 1ஆம் திகதி வேலைநிறுத்தம் செய்தன. வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டனர்.

இத்தகைய நாட்களில் பாரம் யார் மேல் விழுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஹெவ்லொக் டவுனில் வசதியுள்ள குடும்பத்துக்கு நாரஹேன்பிட்டியின் தனியார் வைத்தியசாலைகள் சில நிமிடத் தூரம். கிருலப்பனையிலோ வெள்ளவத்தை கால்வாய்க் கரையிலோ இருப்பவருக்கு களுபோவில போதனா வைத்தியசாலையும் பொது வைத்தியசாலையும்தான். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் விடியமுன் எழுந்து, கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு, அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். வாசலில் வேலைநிறுத்தம் என்று தெரியவரும். ஒரு மாதத்து மாத்திரை அன்று கிடைக்காது. அரசு மீது செலுத்தப்படும் அழுத்தம் அவருடைய உடம்பின் வழியாகவே போகிறது. தொழிற்சாலையில் வேலை நின்றால் முதலாளிக்கு நட்டம். அரச வைத்தியசாலையில் வேலை நின்றால் முதலாளியான அரசுக்குப் பணமாக நட்டம் ஏதும் இல்லை.

சமய மரபுகள் இதில் வேலைநிறுத்தத்தை முற்றாக விலக்கவும் இல்லை, தாராளமாக அனுமதிக்கவும் இல்லை. 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் நியாயமான ஊதியத்தையும் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் ஏற்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வேலைநிறுத்தத்தை, வேறு வழி இல்லாதபோதான கடைசிக் கருவியாக ஒப்புக்கொண்டது. தாதியர் அமைப்புகளிலும் இதே தயக்கம் இருந்தது. பிரித்தானிய ரோயல் தாதியர் கல்லூரி 1916இல் தொடங்கியது. வேலைநிறுத்தத்தைத் தடை செய்த தன் விதியை அது 1995இல்தான் தளர்த்தியது. இங்கிலாந்தில் அதன் முதல் வேலைநிறுத்தம் 2022 டிசம்பரில் நடந்தது. அப்போதும் தீவிர சிகிச்சை, கீமோதெரபி, டயாலிசிஸ் போன்றவை விலக்கப்பட்டன. இலங்கையிலும் அவசர சிகிச்சையையும் மகப்பேறு, சிறுவர், புற்றுநோய் வைத்தியசாலைகளையும் விலக்கிவைப்பது வழக்கம். இந்த விலக்குகள் வெறும் உத்தி என்று சிலர் எண்ணுவர். அது சரியன்று. கோரிக்கை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட நோயாளியின் உயிரை அதற்கு ஈடாக வைக்க முடியாது என்று சங்கமே எழுத்தில் ஒப்புக்கொள்ளும் இடம் அது. அந்த எல்லை எவ்வளவு விரிகிறதோ அவ்வளவுக்குச் சங்கத்தின் அறப்பலமும் வளரும். கிளினிக் மருந்து விநியோகமும் அந்த எல்லைக்குள் வர வேண்டும். மாத்திரை தவறும் சர்க்கரை வியாதிக்காரருக்கு வரும் கேடு அன்றைக்கே தெரியாததால் அது அவசரமில்லை என்று கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்குப் பிழையானது.

வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் அரசுக்கும் இதற்கு ஈடான கடமை உண்டு. வைத்தியசாலைத் துறையில் வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்று ஏற்கும் சர்வதேசத் தொழில் அமைப்பு, அப்படிக் கட்டுப்படுத்தினால் பக்கச்சார்பற்ற, விரைவான நடுத்தீர்ப்பு முறையை அமைத்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதன் 1977ஆம் ஆண்டின் 149ஆம் இலக்கத் தாதியர் சமவாயம், தாதிய சேவையைத் திட்டமிடுவதில் தாதியர் பங்கேற்பதையும், அவர்களைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களிடம் ஆலோசிப்பதையும் வலியுறுத்துகிறது. வர்த்தமானியால் வாயை மூடிவிட்டு மேசையில் இடமும் தராத அரசு, பணிவிடையின் புனிதம் பற்றிப் பேசும் தகுதியை இழந்துவிடுகிறது.

கட்டிலோரத்தை விட்டு நகராமையின் எல்லை எது என்பதைத் தமிழர் மறக்க முடியாத ஒரு நாள் காட்டியது. 1987 ஒக்ரோபர் 21ஆம் திகதி இந்திய அமைதிப் படையினர் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டபோது, நோயாளரோடு வைத்தியர்களும் தாதியரும் சிற்றூழியரும் கொல்லப்பட்டார்கள். நகரம் போர்க்களமாகியிருந்தும் கடமைக்கு வந்திருந்தவர்கள் அவர்கள். எந்தச் சட்டமும் எந்தச் சம்பளமும் இதைக் கட்டளையிட்டுப் பெற முடியாது. அவர்களைப் போன்றோரின் நினைவை, உயிரோடிருக்கும் தாதியரின் நியாயமான கோரிக்கைக்கு எதிராகப் பயன்படுத்துவது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு.

பிக்குவின் தலைமை பற்றிய கேள்விக்கு இப்போது திரும்பலாம். பிக்கு பொதுவாழ்வில் ஈடுபடலாமா என்ற விவாதம் 1946இல் வித்யாலங்கார பிரிவேனாவின் பிரகடனத்தாலும் அதே ஆண்டில் வல்பொல ராகுல தேரர் எழுதிய 'பிக்ஷுவகே உறுமய' நூலாலும் கூர்மையடைந்தது. மக்களின் நலனுக்காகப் பேசுவது பிக்குவின் மரபுரிமை என்பது அவர்கள் நிலைப்பாடு. தாதியர் சங்கத் தலைமைக்கு அந்த நிலைப்பாடு நன்றாகவே பொருந்துகிறது. சம்பளம் பெறாத ஒருவர் சம்பளம் கேட்கும்போது சுயநலக் குற்றச்சாட்டு விழுந்துவிடுகிறது. கையில் எதுவும் வராதவர் பிறருக்காகக் கேட்கிறார், சீவரத்தைப் பணிவிடையாளருக்குக் கொடுங்கள் என்று சங்கத்தின் முன் அறிவிக்கும் பிக்குவைப் போல.

ஆயினும் பணத்தில் பற்றில்லாமை அதிகாரத்தின் அருகாமையிலிருந்து ஒருவரைக் காப்பதில்லை. 2015 ஜனவரித் தேர்தலில் தோற்ற மகிந்த ராஜபக்சவின் அரசியல் மீளெழுச்சிக்கு அபயராமய ஒரு தளமாயிற்று. 2021 நவம்பரில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஆனந்த தேரரைக் கொழும்புப் பல்கலைக்கழக வேந்தராக நியமித்தார். அடுத்த மாதப் பட்டமளிப்பு விழாவில் பட்டதாரிகள் பலர் அவர் கையால் சான்றிதழ் பெறாமல் மேடையைக் கடந்து போனார்கள். அதே தேரர் அந்த அரசின் கொள்கைகளைக் கடுமையாக விமர்சித்ததும் உண்டு. அவர் நேர்மையை எடைபோடுவது இங்கே தேவையில்லை. தாதியரின் கோரிக்கை ஓர் ஆளுமையின் அரசியல் செல்வாக்கில் தங்கியிருக்கும்போது, அது நிறைவேறுவதும் நிறைவேறாததும் கோரிக்கையின் நியாயத்தைப் பொறுத்ததாக இருப்பதில்லை என்பதே கவலைக்குரியது. சங்கத்தில் பெரும்பான்மையினர் பெண்கள். வோட்டில் நிற்கும் அவர்களுடைய அனுபவம், அங்கே நிற்காத ஒருவரின் குரல் வழியாகவே அமைச்சரை எட்டியதும் சிந்திக்க வேண்டிய விடயம்.

அந்த அனுபவம் நேரடியாகப் பேசியிருந்தால் மேசைக்கு வந்திருக்கக்கூடிய ஒரு பிரச்சினை மொழி. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கொழும்பு வோட்டுகளில் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி, கொட்டாஞ்சேனை மூதாட்டியோ மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளியோ, வலி குத்துகிறதா எரிகிறதா என்பதைச் சைகையால் சொல்ல நேர்வது இன்றும் உண்டு. பக்கத்துக் கட்டில்காரர் மொழிபெயர்ப்பாளராகிறார். வெட்கப்பட்டுச் சொல்ல வேண்டிய நோயானால் அதுவும் இல்லை. வடக்கு, கிழக்குக்கு இடமாற்றம் பெறும் சிங்களத் தாதிக்கும் இதே திணறல் மறுபக்கத்திலிருந்து வருகிறது. எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிவதே இரண்டாவது தகுதி என்றால், நோயாளியின் மொழி மருந்தறிவின் ஒரு பகுதி. இரு மொழிப் பயிற்சியைத் தாதியர் பாடசாலைகளில் பேச்சளவில் அல்லாமல் நடைமுறையில் தேர்ச்சி பெறும் வரை கட்டாயமாக்குவது, மொழி தெரிந்த தாதியரை ஒவ்வொரு கடமை முறையிலும் ஒருவராவது இருக்கும்படி பகிர்வது, அந்தத் தேர்ச்சிக்குத் தனிக் கொடுப்பனவு வழங்குவது ஆகியவை ஒரு தாதியர் சங்கம் மட்டுமே அனுபவத்தோடு முன்வைக்கக்கூடிய கோரிக்கைகள். 2022இலும் 2024இலும் முன்னணியில் நின்ற கோரிக்கைகள் கொடுப்பனவும் பதவியுயர்வும்தான். மொழிக் கோரிக்கையில் தாதிக்குரிய கொடுப்பனவும் நோயாளிக்குரிய நலனும் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கும். அதை மறுப்பதற்கு அமைச்சு எந்தப் புனிதத்தையும் துணைக்கு அழைக்க முடியாது.